தொழுநோயும் தொட்ட கரமும்

நோய் உடலை வருத்துவது ஒரு துன்பம். நோயுற்றவரை ஊரார் விலக்கிவைப்பது அதனினும் பெருந்துன்பம். இவ்விரண்டையும் நெடுங்காலம் ஒருங்கே சுமந்தவர் தொழுநோயாளர்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம், தொழுநோயாளி பாளையத்துக்குப் புறம்பே குடியிருக்க வேண்டுமென விதித்தது. நற்செய்தி நூல்களோ, இயேசு அத்தகைய ஒருவனைக் கைநீட்டித் தொட்டுக் குணமாக்கியதைக் கூறுகின்றன. தொண்டு செய்யப் புகுந்த கிறித்தவர்களும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே நின்றனர் என்பதை வரலாறு காட்டுகிறது.

1869-இல் அம்பாலாவில் தொழுநோயாளரைக் கண்டு மனமுருகிய வெல்லெஸ்லி பெய்லி, 1874-இல் அவர்களுக்கென ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். அவ்வழி எழுந்த காப்பகங்கள் சோறும் கூரையும் அளித்தன. ஆயினும் உள்ளே சென்றோர் ஊர் திரும்பும் வழியை அவை காட்டவில்லை. வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் இடங்கொடுத்தது.

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி மரத்துப்போனமையால் சூடும் காயமும் அறியாமலே சிதைகின்றன என்பதைத் தெளிவுபடுத்தினார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். ஆனால் குணமடைந்து சென்றோர் சிலர் வாட்டத்தோடு திரும்பி வந்தனர். கை சீரானதால் பிச்சை குறைந்தது. தழும்பைக் கண்டு வேலை தருவாரும் இலர்! கையைத் திருத்தினால் மட்டும் போதாது என்றுணர்ந்த அவர், நவஜீவ நிலையம் அமைத்துத் தச்சுத்தொழில் முதலியன கற்பிக்கச் செய்தார்.

அவர்தம் மாணவியான மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறர் உதவியை நாடியிருப்பவர் என உலகம் எண்ணியவரே பிறருக்கு உதவினார்.

1980-களில் பரவிய கூட்டுமருந்துச் சிகிச்சை இந்நோயை முற்றும் குணப்படுத்தியது. எனினும் 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீங்கியது; மணவிலக்குக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோய் அகற்றப்பட்டது 2019-இல்தான். மருந்து முந்தியது, மனம் பிந்தியது.

பிழைப்பை நாடி வேற்றூர் வந்த நாம், வாடகை வீடு கேட்டுச் சென்ற வாயில்களில் ஐயப் பார்வைகளைச் சந்தித்தவர்களே. தழும்புற்ற கையொன்று வேலை கேட்டு நம் வாயிலில் நீளும்போது, அந்நாளை நாம் நினைவுகூர்வோமாக.