வெட்டியெறிந்த பக்கவாட்டு முகம்

சே குவேராவின் அந்தப் படம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. பனியனில், சுவரொட்டியில், சிறுபத்திரிகை அட்டையில். யாரைக் கேட்டு எடுத்தோம்? யாரையும் கேட்கவில்லை. புரட்சியின் படத்துக்குப் பட்டாவா என்று நானும் கேட்டிருக்கிறேன். இப்போது அதன் வரலாற்றைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், உரிமையும் அழிப்பும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன.

1960 மார்ச் 4. ஹவானா துறைமுகத்தில் ஆயுதம் ஏற்றிவந்த 'லா கூப்ரே' என்ற பிரெஞ்சுக் கப்பல் வெடித்தது. மறுநாள் அஞ்சலிக் கூட்டம். 'ரெவொலூஸியோன்' நாளிதழுக்காகப் போன அல்பெர்த்தோ கோர்தா, மேடையின் முன்புறம் சில கணங்களே தென்பட்ட சேயை இரண்டு தடவை எடுத்தார். பத்திரிகை அதைப் போடவில்லை.

முழு நெகட்டிவில் சே தனியாக இல்லை. ஒரு பக்கம் யாரோ ஒருவரின் பக்கவாட்டு முகம். மறுபக்கம் பனைக் கீற்றுகள். கவனத்தைச் சிதறடிக்கின்றன என்று இரண்டையும் கோர்தா வெட்டினார். நம்மூர் ஸ்டுடியோவில் 'டச்சப்' என்பார்களே, அதன் பங்காளிதான் இதுவும். இன்றைக்குச் செல்போனில் விரலால் தேய்த்தால் போதும், பின்னால் நிற்கிற ஆள் காலி.

அந்த முகம் ஹோர்கே மாசெத்தியுடையது என்று சொல்கிறார்கள். அர்ஜென்டினப் பத்திரிகையாளர், 'பிரென்ஸா லத்தினா' செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர். சேயின் திட்டப்படி சால்தா பகுதியில் கெரில்லாக் குழுவை நடத்தப்போய், 1964இல் காட்டுக்குள் காணாமல் போனார். சேயை நம்பிச் செத்த ஒருவர், சேயின் படத்தில் இடைஞ்சல்! கோர்தாவிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அழகியல்தான் காரணம். ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து வானத்தைப் பார்க்கவைக்கிற அழகியலுக்கு ஒரு அரசியல் உண்டு. தலைவனைச் சமைக்க மற்றவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளியாக வேண்டும்.

1967இல் மிலான் பதிப்பாளர் ஃபெல்த்ரினெல்லிக்கு இரண்டு பிரதிகளைக் காசு வாங்காமல் கொடுத்தார் கோர்தா. அக்டோபரில் சே கொல்லப்பட்டதும் அது சுவரொட்டியாக உலகெங்கும் போனது; எடுத்தவன் பெயரில்லாமல். அதாவது, வெட்டியவரும் வெட்டுப்பட்டார்.

அதற்காக அவர் வழக்காடவில்லை. ஸ்மிர்னாஃப் ஓட்கா விளம்பரத்தில் சே வந்தபோதுதான் பொறுக்கமுடியாமல், 2000இல் லண்டனில் வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரை கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார். சமூக நீதிக்காக யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், சாராயத்துக்கு விடமாட்டேன் என்பது அவர் நிலை. இவ்வளவு தெளிவாகப் பதிப்புரிமை பேசியவர்கள் குறைவு. 2001இல் இறந்துபோனார்.

2003இல் கியூப அரசு எழுபத்தைந்து எதிர்ப்பாளர்களைப் பிடித்து உள்ளே போட்டது. பத்திரிகையாளர்கள் பலர் அதில் அடக்கம். 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு, தடியோங்கும் போலீஸ்காரன் உடலில் சேயின் முகத்தை ஒட்டிச் சுவரொட்டி போட்டது. கோர்தாவின் மகள் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனார். ஓட்காவைத் தடுத்த அதே உரிமை இப்போது சிறைக் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று பேசியது. சுவரொட்டியைத் திரும்பப் பெறும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.