ஏலத்தில் கேட்பதும் அறிவிப்பதும்: 'ஓவர்பிட்' என்னும் சொல் குறித்து

'ஓவர்பிட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தமிழ் மாணவர் பிறழ உணர்வதற்கு நம் வழக்கே காரணமாகிறது. நாம் ஏலம் 'கேட்கிறோம்'. 'பிட்' என்பதற்கு 'வேண்டுதல், கேட்டல்' என்றொரு பழம்பொருள் இருப்பதை அகராதியில் கண்டதும் இரண்டும் ஒன்றெனத் தோன்றிவிடும். ஒன்றல்ல.

பழைய ஆங்கிலத்தில் இரு வேறு வினைகள் இருந்தன. 'பிட்டன்' என்றால் வேண்டுதல். 'பேஓடன்' என்றால் அறிவித்தல், ஆணையிடுதல், தர முன்வருதல். இடைக்காலத்தில் ஒலி நெருங்கி, இரண்டும் ஒரே 'பிட்' ஆயின. இனமொழியான ஜெர்மனில் இக்கலப்பு நேரவில்லை. அங்கே கேட்பது குறில் 'பிட்டன்'; விலை சொல்வது நெடில் 'பீட்டன்'; பிறரை விஞ்சி விலை சொல்வது 'யூபர்பீட்டன்'. ஏலத்தின் 'பிட்' எவ்வழி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'பேஓடன்' வடமொழியின் 'புத்' (விழித்தல், உணர்தல்) என்னும் வேரோடு உறவுடையது. 'ஓவர்' என்பது 'உபரி'யோடு. நாம் கடன்பெற்று வழங்கும் போதனையும் உபரியும் இச்சொல்லின் தூரத்து உறவினர்! நம் 'ஏலம்' போர்ச்சுகீசிய 'லெய்லாவ்ன்' வழி வந்தது. அதன் மூலம் 'அறிவித்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல் என்பர். குடும்பத்தால் தொடர்பற்ற இரு சொற்கள் அறிதல், அறிவித்தல், விலை கூறல் என ஒரே பொருட்பாதையில் நடந்திருக்கின்றன. வேர்ச்சொல் ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இத்தகைய இணைநடையைத்தான்; ஒலியொப்புமை பெரும்பாலும் ஏமாற்றும்.

இனிப் பொருள். 'ஓவர்பிட்' ஆளைச் செயப்படுபொருளாகக் கொண்டால் அவரை விஞ்சுதல். கொள்ளாதபோது, பெரும்பாலும், தகுதிக்கு மேல் விலை சொல்லுதல். முதற்பொருளை 'அவுட்பிட்' பெரிதும் எடுத்துக்கொள்ள, இரண்டாவதே இன்று மேலோங்கியுள்ளது. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில், கையிலுள்ள சீட்டுக்கு மீறி அறைகூவுவதையும் இச்சொல்லே குறிக்கிறது.

இரு பொருளும் ஒரே செயலில் கூடியதற்கு ரோமாபுரி சான்று. கி.பி. 193இல் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற காவற்படையினர் அரியணையையே ஏலத்தில் விட்டனர். சல்பிசியானஸ் வீரர் ஒருவருக்கு 20,000 செஸ்டர்ஸ் வரை ஏறினார். டிடியஸ் ஜூலியானஸ் ஒரே பாய்ச்சலில் 5,000 கூட்டி 25,000 என்றார். விரல்களாலும் காட்டினார் என்று அக்காலத்துச் செனட்டரான காசியஸ் டியோ எழுதுகிறார். போட்டியாளரை அவர் விஞ்சியது அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது. விலை மிகை என்பது தெரிய 66 நாள் ஆயிற்று. அன்று அவரை அரண்மனையிலேயே கொன்றனர்.