சலேத் மலைச் சாலை: ஏற்றமும் இறக்கமும்

ஐரோப்பியத் திருப்பயணம் செல்லவிருக்கும் பங்கு மக்கள் சிலர் அண்மையில் என்னைக் காண வந்தனர். லூர்து திருத்தலத்தைத் தரிசித்த பின் அவர்களுக்கு மூன்று நாள்கள் மீதமிருந்தன. "சாமி, மலையும் ஏரியும் சிற்றூர்களுமாக ஒரு பாதை சொல்லுங்கள். கண்ணுக்கும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆன்மாவுக்கும் பயன் தர வேண்டும்" என்றார் அவர்களுள் மூத்தவர். தேசப்படத்தை மேசைமேல் விரித்தோம். தென்கிழக்குப் பிரான்சில் காப் நகருக்கும் கிரெனோபிள் நகருக்கும் இடையே ஆல்ப்ஸ் மலைச்சாரலில் ஓடும் சாலையை நான் சுட்டிக்காட்டினேன். அதன் நீளம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்தச் சாலையின் நடுப்பகுதியிலிருந்து பிரிந்து மேலேறினால் லா சலேத் என்னும் திருத்தலத்தை அடையலாம். கொடைக்கானல் சென்று சலேத் மாதா கோயிலில் மண்டியிட்டு வந்த நம்மவர்க்கு அந்தப் பெயர் புதிதன்று. ஆனால் அது பிரான்சு நாட்டு மலையூர் ஒன்றின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே.

அந்தப் பயணத்திற்கு நாங்கள் வகுத்த திட்டத்தையும், வகுக்கும்போது அந்தச் சாலையின் வரலாறு எனக்குக் கற்பித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பேரரசனின் சாலை

இன்று இச்சாலைக்கு 'நெப்போலியன் சாலை' என்று பெயர். 1932-இல் அப்பெயரோடு சுற்றுலாப் பயணிகளுக்காக இது தொடங்கிவைக்கப்பட்டது. எல்பா தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நெப்போலியன், 1815 மார்ச் 1 அன்று ஏறத்தாழ ஆயிரம் வீரர்களோடு பிரான்சின் தென்கடற்கரையில் கரையிறங்கினார். சமவெளியில் ரோன் ஆற்றங்கரை வழியே செல்வது எளிது. ஆனால் அங்கே அரசரின் ஆதரவாளர்கள் மிகுதி. எனவே பனி படர்ந்த மலைவழியை அவர் தேர்ந்தார். மார்ச் 5 இரவு காப் நகரிலும், மறுநாள் இரவு கோர் என்னும் சிற்றூரிலும் தங்கினார். 31 ஆண்டுகளுக்குப் பின் இதே கோர் ஊர், படை எதுவுமில்லாத இரண்டு சிறுவர்களால் உலகறியப் போகிறது என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

முதல் நாள்: நீரும் மந்தையும்

முதல் நாள் காப் நகரின் சுற்றுப்புறத்திற்கு. கிழக்கே இருப்பது செர்-போன்சோன் ஏரி. பார்ப்பவர் இயற்கை ஏரி என்றே நினைப்பர். உண்மையில் இது துராந்சு ஆற்றின் குறுக்கே எழுப்பிய அணையால் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான நீர்த்தேக்கம். சவீன், உபாய் என்னும் இரு ஊர்கள் நீருக்குள் போயின. மக்கள் தம் வீடுகளையும் முன்னோர் மண்ணையும் துறந்து வெளியேறினர். சவீன் ஊர் கரையில் புதிதாகக் கட்டப்பட்டது. குன்றின்மேல் இருந்த புனித மிக்கேல் சிற்றாலயம் மட்டும் மூழ்காமல், இன்று நீர் நடுவே சிறு தீவாக நிற்கிறது. அதைப் படம் எடுப்போர், அடியில் கிடக்கும் ஊர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாய் நின்றால் நன்று.

அருகிலேயே லோஸ் அன்னையின் திருத்தலம் உள்ளது. பெனுவா ரான்குரல் என்னும் ஆடு மேய்க்கும் ஏழைப் பெண் 1664 முதல் இங்கே அன்னையின் காட்சி பெற்றார். 2008 மே 4 அன்று காப் மறைமாவட்ட ஆயர் அக்காட்சிகளை முறைப்படி ஏற்று அறிவித்தார். மூன்றரை நூற்றாண்டுக் காத்திருப்பு! விரைந்து முடிவு கேட்கும் நம் காலத்திற்குத் திருச்சபையின் பொறுமை ஒரு பாடம்.

இரண்டாம் நாள்: அழும் அன்னை

இரண்டாம் நாள் வடக்கே சென்று கோர் ஊரை அடைய வேண்டும். ஊருக்குக் கீழே திராக் ஆற்றின் குறுக்கே 1935-இல் கட்டி முடித்த சோத்தே அணையும் ஏரியும் உள்ளன. ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வளைந்து ஏறினால் 1,800 மீட்டர் உயரத்தில் சலேத் பேராலயம். மரங்களற்ற புல்வெளி, சுற்றிலும் சிகரங்கள். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். கோடையிலோ, விழா நாளான செப்டம்பர் 19-ஐ ஒட்டியோ செல்வது நல்லது.

1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. 14 வயது மெலானி, 11 வயது மாக்சிமின் ஆகிய இருவரும் அந்தப் புல்வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தனர். கோர் ஊரில் பிறந்தும், ஓரிரு நாள்களுக்கு முன்புவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள், எழுத்தறியாதவர்கள். வறண்ட ஊற்றொன்றின் அருகே ஒளி நடுவில் ஒரு பெண், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதவண்ணம் அமர்ந்திருக்கக் கண்டனர். அவர் மார்பில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தின் ஒரு பக்கம் சுத்தியலும் மறுபக்கம் குறடும் இருந்தன. அறைவதும் ஆணி பிடுங்குவதும் மனிதர் கையில் என்று சொல்வது போல! அன்னை முதலில் பிரெஞ்சு மொழியிலும், பிள்ளைகள் விளங்காமல் விழிப்பது கண்டு அவர்களின் வட்டார வழக்கிலும் பேசினார். ஞாயிறு ஓய்வு மீறப்படுவதையும், வண்டியோட்டிகள் தம் திருமகனின் பெயரை வசைச்சொல்லாக்குவதையும் எண்ணி வருந்தினார். அழுகும் உருளைக்கிழங்கையும் வரவிருக்கும் பஞ்சத்தையும் பற்றிப் பேசினார். அப்போது ஐரோப்பாவெங்கும் உருளைக்கிழங்கு நோய் பரவி ஏழைகளின் உணவைப் பறித்துக்கொண்டிருந்தது.

வண்டியோட்டிகளைப் பற்றிய அந்தச் சொல் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். மாக்சிமினின் தந்தை கோர் ஊரில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். பேரரசன் கடந்த சாலையில் நாள்தோறும் வண்டியோட்டிய எளியவரின் நாவைப் பற்றி விண்ணகத்து அன்னை கவலைப்பட்டார்.

ஐந்தாண்டு விசாரணைக்குப் பின், 1851 செப்டம்பர் 19 அன்று கிரெனோபிள் ஆயர் பிலிபேர் தெ புருய்யார் இக்காட்சி நம்பத்தகுந்தது என அறிவித்தார். தனிப்பட்ட வெளிப்பாடுகள் விசுவாசத்திற்குப் புதிதாய் எதையும் சேர்ப்பதில்லை. நற்செய்தியை வாழத் தூண்டுபவை என்றே திருச்சபை கற்பிக்கிறது. காட்சி கண்ட பிள்ளைகளின் வாழ்வும் அதன்பின் எளிதாய் அமையவில்லை. மாக்சிமின் குருமடம், மருத்துவப் படிப்பு, திருத்தந்தையின் படை என எங்கும் நிலைக்காமல், வறுமையோடு ஊர் திரும்பி 1875-இல், 39 வயதில் இறந்தார். அவர் விரும்பியபடி அவர் இதயம் சலேத் பேராலயத்தில் வைக்கப்பட்டது. மெலானி துறவு மடங்கள் பலவற்றில் அலைந்து 1904-இல் இத்தாலியில் கண்மூடினார். மலைமேல் ஒளியைக் கண்டவர்களுக்கும் கீழே நீண்ட வாழ்க்கை இருந்தது.

மூன்றாம் நாள்: இறங்கும் வழி

மூன்றாம் நாள் லா மூர் நகர். நற்கருணை ஆண்டவருக்காகவே துறவற சபை நிறுவிய புனித பீட்டர் ஜூலியன் எய்மார் 1811-இல் இங்கே பிறந்து, 1868-இல் இங்கேயே இறந்தார். நெப்போலியன் இவ்வூர் வழியே சென்றபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. தாண்டினால் லஃப்ரே ஏரிகள் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக. இவை பனியாறுகள் குடைந்த இயற்கை ஏரிகள். பறவைகளின் குரலை இசையாக்கிய கத்தோலிக்க இசைமேதை ஒலிவியே மெஸ்ஸியான் இக்கரையில்தான் கோடைகளைக் கழித்தார். 1992-இல் இறந்த அவர் கல்லறையும் இங்கேதான்.

ஏரிக்கரைப் புல்வெளியில் குதிரைமேல் அமர்ந்த நெப்போலியனின் வெண்கலச் சிலை உள்ளது. 1815 மார்ச் 7 அன்று அரசரின் படை இங்கே அவரை மறித்தது. அவர் தனியே முன்சென்று மார்பைத் திறந்து காட்டினார். சுட வந்தவர்கள் வாழ்த்தொலி எழுப்பினர். அன்றிரவே கிரெனோபிள் அவர் வசமாயிற்று. மார்ச் 20-இல் பாரிசு. ஜூன் 18-இல் வாட்டர்லூ. ஏறிய உயரமெல்லாம் நூறு நாள்களுக்குள் சரிந்தது.

அந்தச் சிலையைத் தாண்டியதும் சாலை விசீல் நகரை நோக்கிச் சரிகிறது. ஆறேழு கிலோமீட்டருக்குள் 600 மீட்டர் இறக்கம். பிரேக்கையே நம்பி இறங்கும் கனமான வண்டியில் அது சூடேறிச் செயலிழந்துவிடும். 1973 ஜூலை 18 அன்று பெல்ஜியம் நாட்டுத் திருப்பயணிகள் 43 பேர் இங்கே இறந்தனர். 1975 ஏப்ரல் 2 அன்று பிரெஞ்சுத் திருப்பயணிகள் 29 பேர். 2007 ஜூலை 22 அன்று போலந்து நாட்டுத் திருப்பயணிகள் 26 பேர். சிறப்பு அனுமதியின்றிப் பேருந்துகள் இறங்கக் கூடாதென்ற தடை அப்போதே இருந்தது. மூன்று பேருந்துகளும் சலேத் அன்னையைத் தரிசித்துத் திரும்பியவை. ஏறும்போது எவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் மேசையைச் சுற்றி எவரும் பேசவில்லை. பின்னர் அந்தப் பெரியவர், "கொடைக்கானல் மலையில் ஓட்டுநர்கள் சொல்வார்கள், சாமி: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்" என்றார். திட்டத்தைத் திருத்தினோம். பேருந்து அந்தச் சரிவைத் தவிர்த்து மாற்றுச் சாலையில் இறங்கும். ஏரிக்கரையில் நின்று, இறந்த 98 பேருக்காகவும் ஒரு செபமாலை சொல்லப்படும்.

கொடையில் சலேத்

காட்சி நடந்த 20 ஆண்டுகளுக்குள், 1866-இல், பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி சேன்-சீர் கொடைக்கானலில் எழுப்பிய சலேத் மாதா ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. மதுரை ஆட்சியர் லெவிஞ்சு அங்கே ஏரி அமைத்தது 1863-இல். மோட்டார் வண்டிகள் ஏறும் மலைச்சாலை வந்ததோ 1914-இல்தான். அதுவரை நடந்தும், குதிரையிலும், டோலியிலுமே ஏறினர். தோள்கொடுத்துச் சுமந்த ஏழைகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

தாபோர் மலையில் ஆண்டவரின் உருமாற்றம் கண்ட பேதுரு, அங்கேயே கூடாரம் அடிக்க விரும்பினார். ஆண்டவரோ சீடர்களைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் நோயுற்ற மகனோடு ஒரு தந்தை காத்திருந்தார். நம் தியானங்களும் திருவிழாக்களும் திருப்பயணங்களும் நம்மை உயரத்திற்கு ஏற்றுகின்றன. திரும்பும் வழியில்தான் சொல் தடிக்கிறது, பழைய சினம் மீள்கிறது, வேகம் கூடுகிறது. மலைக்குச் செல்லத் திட்டமிடும் அன்பர்களே, ஏறுவதற்கு ஒருமுறை திட்டமிடுங்கள். இறங்குவதற்கு இருமுறை திட்டமிடுங்கள். ஏறியபோது கையிலிருந்த செபமாலை இறங்கும்போதும் கையில் இருக்கட்டும்.