காயலான் கடைக்குத் தப்பிய டாங்கிகள்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் சாலைக் கடைத்தெருவைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் வகுத்தமைத்த வாணிகத் தெரு அது. தோவாளைப் பூவும் நாஞ்சில் நாட்டுத் தமிழும் அங்கே ஒருங்கே மணக்கும். அதனை அடுத்துள்ள வலியசாலையே, முதலாம் இராசராசனுடைய கல்வெட்டுகள் புகழும் காந்தளூர்ச் சாலை என்று வரலாற்று அறிஞர் பலர் கருதுவர். அச்சாலையில் சோழ மன்னன் கலம் அறுத்தான் என்பது கல்வெட்டுச் செய்தி. அறுபட்டது மரக்கலமா, உண்கலமா, வேறெதுவுமா என்ற வழக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தீர்ந்தபாடில்லை. ஒரு கலமேனும் எஞ்சியிருந்தால் தீர்ந்திருக்கும். எஞ்சவில்லை. மரமாயிருந்தால் அது விறகாகியிருக்கும்; உலோகமாயிருந்தால் உருகி வேறொரு பாண்டமாகியிருக்கும்.

படைக்கலங்களுக்கு இதுவே பெரும்பாலும் நேரும் கதி. அவற்றை அழிப்பது பகைவன் மட்டுமல்லன். போர் ஓய்ந்தபின் அவற்றின் மூலப்பொருளுக்குக் கிடைக்கும் விலையும் அழிக்கிறது. மலையாளத்து மக்கள் ஆக்ரி என்றும் நாம் காயலான் கடை என்றும் வழங்கும் பழைய இரும்புக் கடையின் தராசில், உடைந்த கலப்பையும் கோட்டைப் பீரங்கியும் ஒரே கணக்குத்தான். நாற்பது டன் எடையுள்ள ஒரு டாங்கி அந்தத் தராசுக்கு எத்துணைப் பெரிய கவர்ச்சி என்பதைச் சொல்ல வேண்டுமா? ஆகவே ஓய்வு பெற்ற டாங்கி ஒன்று இன்று நம் கண்முன் நிற்குமாயின், அது எவ்வாறு தப்பியது என்று கேட்பதே வரலாற்று மாணவனுக்கு முதல் வேலையாகும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவர்களாகிய நமக்கு அந்தப் பெயரின் மீதே ஒரு தனிப்பற்று உண்டு. 1915-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இந்த ஊர்தி மிக இரகசியமாக உருவாகி வந்தபோது, ஒற்றர்களை ஏமாற்றும் பொருட்டு, செய்யப்படுவது தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும்படி டாங்க் என்று பெயரிட்டார்கள். அச்சொல்லோ நம் நாட்டுக் குஜராத்தி, மராத்தி வழக்குகளிலிருந்து மேல்நாடு சென்றது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் சொல்லுவர். பழைய சென்னை மாகாணத்து வருவாய்த்துறைக் காகிதங்களில் அதே சொல் ஏரியையும் குளத்தையும் குறிக்கும். குளத்தையும் கவச வண்டியையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியிலிருந்து பெயர்க்கிறவனுக்கு, இகரம் சேர்த்து டாங்கி என்று நம் மக்கள் தாமாகவே செய்துகொண்ட வேறுபாடு பெரியதோர் உபகாரம்.

1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சின் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. அந்த முதல் வகையில் செய்யப்பட்டவை 150. இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. சோதனை ஓட்டங்களுக்குத் தம் ஹாட்ஃபீல்டு மாளிகைத் தோட்டத்தைத் தந்து உதவிய சாலிஸ்பரி பிரபுவுக்கு நன்றிக் காணிக்கையாக அளிக்கப்பட்டதால் அது பிழைத்தது. இப்போது பவிங்டன் டாங்கிக் காட்சிச்சாலையில் இருக்கிறது.

அந்தப் போர் முடிந்ததும், போர்க்கடன் பத்திரங்களை ஆர்வத்தோடு வாங்கிய பிரிட்டிஷ் ஊர்களுக்கெல்லாம் 260-க்கு மேற்பட்ட டாங்கிகளை அரசாங்கம் பரிசளித்தது. வாத்திய முழக்கத்தோடு வந்தவை சில ஆண்டுகளிலேயே பாரமாயின. பல பழைய இரும்பாக விலைபோயின. இரண்டாம் உலகப்போரின் இரும்புத் தட்டுப்பாடு ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கியது. கென்ட் பகுதியிலுள்ள ஆஷ்ஃபோர்டு என்ற ஊரில் மட்டும் பரிசு வண்டி நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. காரணம் தேசபக்தியன்று. 1929-ல் மின்சார அதிகாரிகள் அதன் வயிற்றைக் குடைந்து உள்ளே மின்மாற்றியை வைத்துவிட்டார்கள். ஊருக்கு விளக்கெரிக்கும் பெட்டியை உடைத்து விற்க யாருக்கு மனம் வரும்? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது மின்சாரச் சாவடியாகவே காலந்தள்ளியது.

ஜெர்மானியர் அதே போரில் ஏ-7-வி என்ற பெயரில் இருபது டாங்கிகளே செய்தனர். மெஃபிஸ்டோ என்னும் ஒன்று 1918-ல் ஆஸ்திரேலியப் படையினரிடம் சிக்கியது. குயின்ஸ்லாந்துக்காரர் பெரும்பகுதியாயிருந்த பட்டாளம் அதைக் கைவிடாமல் கப்பலேற்றிப் பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. செய்த நாட்டில் ஒன்றும் மிஞ்சாமல், கைப்பற்றிய நாட்டில் ஒன்று மிஞ்சியது விந்தையே. ஆனால் டாங்கிகளின் வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வது: தன்னுடையதை உருக்குவான், பகைவனுடையதைப் பேணுவான்.

தற்செயலால் பிழைத்தவை போக, தனிமனிதரின் பிடிவாதத்தால் பிழைத்தவையும் உண்டு. பிரான்சில் ஃபிலிப் கோர்சின்ஸ்கி என்பவர் ஓட்டல் நடத்துபவர். 1917-ஆம் ஆண்டுக் காம்பிரே போரில் பாழ்பட்ட டாங்கி ஒன்று மண்ணுக்குள் தள்ளப்பட்டதைச் சிறுமியாயிருந்தபோது பார்த்ததாக ஒரு மூதாட்டி சொன்னதைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தேடினார். 1998-ல் ஃப்ளெஸ்கியர் என்ற சிற்றூரில் அது அகப்பட்டது. டெபோரா என்ற பெயருடைய அந்த வண்டி, அதில் மாண்ட வீரர்களின் கல்லறைகளுக்கு அருகிலேயே இப்போது காட்சிக்கு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்டு என்ற செல்வர் 200-க்கு மேற்பட்ட படை ஊர்திகளைச் சேர்த்தார். போலந்து ஆற்றிலிருந்து எடுத்த ஜெர்மானியப் பாந்தர் ஒன்றைப் பல ஆண்டுகள் பழுது பார்த்தார். 2009-ல் அவர் காலமானார். 2014-ல் அந்தத் திரட்டின் பெரும்பகுதி ஏலம்போயிற்று. தனியார் திரட்டின் பலவீனம் இதுவே. சேர்த்தவனின் ஆயுள்தான் அதற்கும் ஆயுள்.

நம் நாட்டில் தனியார் எவரும் டாங்கி சேர்ப்பதில்லை. படைக்கலச் சட்டமும் இடங்கொடாது, பணவசதியும் போதாது. சேர்க்கிறவர் இராணுவத்தாரே. கோகிமாவில், 1944-ஆம் ஆண்டுப் போரின்போது மலைச்சரிவில் சிக்கி நின்றுவிட்ட லீ டாங்கி ஒன்று, இழுத்து மேலேற்றுவார் இன்றிக் கிடந்து, பின்னர் நினைவுச் சின்னமாயிற்று. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த போரிலோ கதை வேறு. நமது கணக்குப்படி அங்கே அழிந்தும் பிடிபட்டும் போன பாகிஸ்தான் டாங்கிகள் 97; பெரும்பாலானவை வெல்லற்கரியவை என்று பெயரெடுத்த பாட்டன்கள். அவற்றை வரிசையாக நிறுத்திவைத்த பிக்கிவிண்டு பகுதிக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது. பிறகு அவை நாட்டின் பல பாசறைகளுக்கும் நகரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. வட இந்திய நகரங்களில் வாழும் நேயர் பலர் குழந்தைகளை அவற்றின் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கக்கூடும்.

டாங்கிகளுக்கென்றே அமைந்த காட்சிச்சாலை, இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறியுள்ள அகமதுநகரில் இருக்கிறது. கவசப்படைப் பயிற்சி மையத்தின் சார்பில் 1994-ல் தொடங்கப்பெற்றது. ரோல்ஸ் ராய்ஸ் கவசக்கார், சர்ச்சில், மட்டில்டா, வாலண்டைன், ஜப்பானியரின் சிறிய ஹா-கோ என்று சுமார் ஐம்பது வண்டிகள். புனாவில் வாழ்வோர் ஒரு நாள் பயணத்தில் போய் வரலாம். ஆயினும் அந்த ஊரில் நம் மனத்தை மிகவும் தொடும் வண்டி செஞ்சூரியன் வகையைச் சேர்ந்த ஃபாமகுஸ்டாதான். 1971 டிசம்பர் 16-ஆம் நாள் பசந்தர் போரில், தீப்பற்றிய இந்த டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு, இருபத்தொரு வயதில் உயிர் நீத்தார் அருண் கேதர்பால். பரமவீர சக்கரம் பெற்றார். மற்ற வண்டிகள் ஒரு வகைக்குச் சான்று. இது ஒரு மனிதனுக்குச் சான்று. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க இயலாது.

இனி நம்முடைய சொந்த வண்டிக்கு வருவோம். 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிய ஆவடியை நேயர் அறிவர். அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு 1961-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1965 டிசம்பரில் ஆவடியிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. அதுவே விஜயந்தா. எடை சுமார் 39 டன். பீரங்கி 105 மில்லிமீட்டர். இருபது ஆண்டுக் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை நம் படைக்குச் சென்றன. செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் உருக்குத் தகட்டை அறுக்கவும் ஒட்டவும் இழைக்கவும் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அந்த வண்டி இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் படையிலிருந்து விடைபெற்றது. சிலவற்றின் உடலம் முன்னமேயே நீட்டப்பட்டு 130 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுமந்தது. சிலவற்றின் சுழல் கூண்டுகள் எல்லைப்புறத்தில் அசையாத காவல் மேடைகளாக ஊன்றப்பட்டன. சில வாயிற்காவலாகப் பாசறைகளின் முன்னும் கல்விக்கூடங்களின் முன்னும் நிறுத்தப்பட்டன. மற்றவை தராசுக்குப் போயின.

வாயிலில் நிற்பதும் பிழைத்தவை கணக்கில்தான் சேரும் என்று எண்ணிவிடலாகாது. டாங்கியின் பகை மேலே விழும் மழையன்று. உள்ளே தங்கும் மழை. எஞ்சின் மேலுள்ள கம்பித் தட்டி வழியே நீர் புகும். குண்டு துளைக்காதபடி அடியை மூடிச் செய்த பெட்டி ஆகையால், வடிகால் திருகு துருப்பிடித்துவிட்டால் புகுந்த நீர் வெளியேறாது. சருகும் மண்ணும் அதில் ஊறும். குழந்தைகள் உள்ளே விழாதிருக்க மூடிகளைப் பற்றவைத்து அடைத்துவிடுவதால் எவரும் திறந்து பார்ப்பதுமில்லை. குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம் வெளியே பச்சை வண்ணம் ஏறும். உள்ளே இரும்பு செதில் செதிலாக உதிரும். கூரை ஒன்று போட்டு ஆண்டுக்கொருமுறை அடித்திருகைக் கழற்றினாலே பாதிக் கேடு நீங்கும். கோகிமா டாங்கிக்குக் கூரை உண்டு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பழைய டாங்கியை ஓட்டிக் காட்டுவதா, அசையாமல் வைப்பதா என்பது மேல்நாட்டுச் சேகரிப்பாளரிடையே ஓயாத விவாதம். ஓட்டினால் அசல் உறுப்புகள் தேயும். ஓட்டாவிட்டால் ஓட்டும் கலையே மறையும். 1943-ல் டுனீசியாவில் பிடிபட்ட டைகர் 131-ஐப் பவிங்டனில் ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் ஓட்டுகிறார்கள். ஓடும் நிலையில் அவ்வகையில் வேறொன்று இல்லை, இருந்தும் துணிகிறார்கள். அவர்கள் செய்வதே சரி என்பது நம் கருத்து. ஒரு வகையில் பத்து வண்டிகள் எஞ்சினால் ஒன்பது அசையாதிருக்கட்டும். பத்தாவது உறும வேண்டும்.

விஜயந்தாவைப் பொறுத்தவரை இது வீண் ஆசையன்று. ஜபல்பூரிலும் கட்கியிலும் மேடக்கிலும் படைத்தளவாடத் தொழிற்சாலைகளில் பணியாற்றி அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், ஆவடியில் தொழில் பழகிய பெரியவர்கள் இருப்பார்கள். அளவுகள் குறித்த நோட்டுப் புத்தகமும், பயிற்சி நாள் புகைப்படமும், பழைய பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவையும் காயலான் கடைக்குப் போகத் தக்க பொருள்களே. எடைக்கு எடை, இரும்பைவிட விரைவில் போய்விடும்.

விஜயந்தாவில் பொருத்தப்பட்டது லேலண்டு எல்-60 என்ற எஞ்சின். ஒரே உருளைக்குள் இரண்டு உந்துதண்டுகள் எதிரெதிராக இயங்கும் வினோத அமைப்பு. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிக்கும் அதுவே. சீஃப்டனை வாங்கி வைத்திருக்கும் ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் கோடைக் காட்சிகளில் அந்த எஞ்சினை இன்றும் முடுக்கிக் காட்டுகிறார்கள். அதன் கோளாறுகளைத் தங்களுக்குள் பேசிப் பேசித் தீர்க்கிறார்கள். 1965-ல் ஆவடியில் முதல் வண்டிக்கு அதைப் பொருத்தியபோது இருபது வயதாயிருந்த தொழிலாளிக்கு இன்று எண்பது.