எச்சில் அல்ல, சளி

அடி கூம்பாக, திருகுமூடியோடு கைக்கடக்கமாக ஒரு பிளாஸ்டிக் குழாய். லேபில் அதற்கு ‘ஃபால்கன் டியூப்’ என்று பெயர். வாங்கிப் போகிறவர்களுக்குச் சளி டப்பா. இரண்டு வாரமாக இருமுகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், காசநோயா என்று பார்க்க இதைத்தான் கொடுப்பார்கள். அப்போதே ஒரு முறை, மறுநாள் விடிந்ததும் ஒரு முறை சளி எடுக்க வேண்டும்.

கூடவே லேப் டெக்னீஷியன் சொல்வது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். “ஐயா, எச்சில் துப்பிடாதீங்க. வாயைக் கொப்புளிச்சுட்டு, மூச்சை நல்லா உள்ள இழுத்து, அடிநெஞ்சுல இருந்து இருமி எடுங்க. வெளிய காத்தாட நின்னு எடுங்க, ரூமுக்குள்ள வேண்டாம்.” ராத்திரி முழுக்க நுரையீரலில் தேங்கியது காலையில்தான் கெட்டியாக வரும். இரண்டு மில்லியாவது தேறினால் நல்லது. நுரைத்துக்கொண்டு தண்ணீராக இருந்தால் அது எச்சில். திரும்ப எடுக்கச் சொல்வார்கள். கூச்சத்தில் பாதிப் பேர் எச்சிலைத் துப்பி மூடிவிடுகிறார்கள் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இந்தச் சளி எத்தனை மைல் போனாலும், நெஞ்சிலிருந்து டப்பா வரைக்குமான ஓரடிதான் கடினம் என்பேன். அங்கே தவறினால், அதன் பிறகு வரும் இயந்திரம் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை.

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியை அறிவித்த பிறகு நூறு வருஷத்துக்கு மேல், சளியின் பயணம் பெரும்பாலும் நுண்ணோக்கியோடு முடிந்துவிடும். கண்ணாடித் துண்டில் தடவி, சூடுகாட்டி, சாயம் ஏற்றினால் நீலத்தில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். ஒரு மில்லியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் தெரியும். தெரிந்தாலும் எந்த மாத்திரைக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று சொல்ல அந்தக் கண்ணாடிக்கு வழியில்லை.

இன்று டப்பா முதலில் போய்ச் சேரும் இடம் ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவி. கோவாவில் உருவான ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், ஏசி அறை கேட்காது. அதனால்தான் சின்ன ஊர்களுக்கும் வந்திருக்கிறது. இவை கிருமியின் மரபணுவைத் தேடுகின்றன. இருந்தால், ரிஃபாம்பிசின் மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பார்க்கின்றன. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துண்டில்தான் எழுத்து மாறியிருக்கும். சில மணி நேரத்தில் பதில் வந்துவிடும்.

மருந்துக்கு அடங்காத இந்த எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு தற்செயலாகவே ஒரு மருந்துக்கு அடங்காதவையாக இருக்கும். ஒற்றை மருந்து கொடுத்தால், அல்லது உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்தினால், மிஞ்சுவது அந்த ஒன்றிரண்டின் வாரிசுகள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டது. கூட்டு மருந்து வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைப் பாதிப் பேர் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேர் வீட்டிலுமாக வைத்துப் பார்த்தது. வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். உலகமே அதன் பிறகு சானடோரியத்தைக் கைவிட்டது; நமக்குத் தாம்பரத்தை அடுத்து ஒரு ரயில் நிலையத்தின் பெயராக மிச்சம். ஆனால் சிகிச்சை வீட்டுக்குப் போனபோது மாத்திரையை விடாமல் விழுங்கும் பொறுப்பும் வீட்டுக்குப் போனது. 2014 முதல் 2016 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் அடங்காத நோய் புதியவர்களில் 2.84 சதவீதம், முன்பே மருந்து சாப்பிட்டவர்களில் 11.6.

கருவி ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு’ என்று காட்டினால் சளிக்கு இரண்டாவது பயணம். குழாயைச் சுற்றி உறிஞ்சு பஞ்சு, அதற்குமேல் இன்னொரு உறை, அதற்குமேல் ஐஸ் ஜெல் வைத்த பெட்டி. கூரியரிலோ பைக்கிலோ பெரிய ஊரின் வளர்ப்பு ஆய்வகத்துக்குப் போகிறது. மே மாத வெயிலில் வழியில் தாமதமானால் சளியில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் பெருகி, தேடுகிற கிருமியை மூடிவிடும்.

காற்று வெளியே கசியாத அறையில் குழாயைத் திறக்கிறார்கள். முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து கால் மணி நேரம் வைப்பார்கள். கெட்டிச் சளி கரையும், மற்ற பாக்டீரியா சாகும். மெழுகுப் பூச்சுள்ள காசநோய்க் கிருமி கொஞ்சம் தாங்கும். நேரம் கூடினால் அதுவும் செத்துவிடும், குறைந்தால் குழாய் முழுக்க வேறு ஏதாவது வளர்ந்து கெடும். பிறகு மெல்லிய பட்டையில் கோடு விழுகிறதா என்று பார்க்கும் எல்பிஏ சோதனை. அதில் ஐசோனியாசிட் வேலை செய்யுமா என்பது சில நாளில் தெரியும். வேறு சில மருந்துகளுக்குக் கிருமியை வளர்த்தே ஆக வேண்டும். குடல் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறத்தாழ இருபது மணி நேரம் பிடிக்கும். திரவ ஊடகத்தில் 42 நாள் வரை காத்திருந்த பிறகுதான் ‘வளரவில்லை’ என்று எழுத முடியும்.

முடிவு, காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் ஏறிவிடும். ஆளிடம் போய்ச் சேருவது வேறு கதை. கொடுத்த செல் நம்பர் அணைந்திருக்கும், அவர் கட்டட வேலைக்கு வேறு மாவட்டம் போயிருப்பார். களப்பணியாளர் வீடு தேடிப் போய்ப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் விசாரிக்க வேண்டும். நோயாளி கிடைத்தால், பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை இருக்கிறது. 2024இல்தான் இங்கே அனுமதி கிடைத்தது. முன்பு இதற்கே ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். அதில் பல மாதம் தினமும் ஊசி.

அதோடு அதே வீட்டில் இருக்கிற எல்லோரையும் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் முதலில் அதை. குழந்தைக்கு இருமல் இருந்தாலும் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் காலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.