பிசாசுக் கூழும் பிரித்து விற்கப்பட்ட ஊரும்

முதல் உலகப்போரின்போது, 1915இல், பிரிட்டிஷ் பீரங்கிகளுக்குப் போதிய குண்டுகள் இல்லை. அத்தட்டுப்பாடு அரசாங்கத்தையே ஆட்டங்காண வைத்தது. புதிதாக உருவான வெடிமருந்துத் துறைக்கு லாயிட் ஜார்ஜ் அமைச்சரானார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லையில், சால்வே கழிமுகத்தை ஒட்டி, சுமார் 9 மைல் நீளத்துக்கு க்ரெட்னா தொழிற்சாலை எழுந்தது அப்போதுதான்.

அங்கே தயாரானது கார்டைட் என்னும் உந்துமருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பெண்கள் வெறுங்கையால் பிசைந்தனர். அதை நேரில் கண்ட கானன் டாயில் ‘பிசாசுக் கூழ்’ என்று பெயரிட்டார். 1917இல் அங்கே 11,576 பெண்களும் 5,066 ஆண்களும் வேலை செய்தனர். உச்ச காலத்தில் வாரத்துக்கு 800 டன் உற்பத்தி.

விபத்துக்கு அஞ்சிக் கட்டடங்களை ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் அமைத்திருந்தார்கள். அவற்றை ஒரே ஆலையாக்கியது 125 மைல் குறுகிய இருப்புப்பாதையே. அதில் ஓடிய எஞ்சின்களில் சில நெருப்பே இல்லாதவை. வேறிடத்துக் கொதிகலனிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு, அது தீரும்வரை ஓடும். ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து அல்லவா?

1918இல் போர் நின்றதும் கார்டைட்டுக்குத் தேவை இல்லாமற்போயிற்று. பெண்கள் வீடு திரும்பினர். 1920களின் முற்பகுதியில் ஆலை இடிக்கப்பட்டு, சொத்துகள் துண்டுதுண்டாக ஏலத்துக்கு வந்தன. முழுமையாக இருந்தவரைதான் அந்த இருப்புப்பாதைக்கு மதிப்பு. இணைப்பதற்கு ஆலை இல்லாதபோது அது வெறும் இரும்பு.

ஆனால் ஏலத்துக்குப் பிறகும் நிலைத்தவை உண்டு. தொழிலாளருக்காக ரேமண்ட் அன்வினின் மேற்பார்வையில் எழுந்த க்ரெட்னாவும் ஈஸ்ட்ரிக்ஸும் இன்றும் ஊர்களே. ஈஸ்ட்ரிக்ஸ் தெருக்கள் மெல்பர்ன், வான்கூவர், டெல்லி என்று பேரரசின் நகரங்களைப் பெயராகத் தாங்கி நிற்கின்றன. தொழிலாளரின் குடியைக் கட்டுப்படுத்த 1916இல் அரசு கையகப்படுத்திய மதுக்கடைகளோ 1970களின் தொடக்கம்வரை அரசிடமே இருந்தன. போர்க்காலத்து அவசர ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயுள்!

நிலத்தின் ஒரு பகுதி இரண்டாம் உலகப்போரில் வெடிபொருள் கிடங்காகி, பழைய தொழிலுக்கே திரும்பியது. போரின் தளவாடங்களை விலைபேசி விற்றுவிடலாம். போரின் தேவையை எந்த ஏலத்தில் விற்பது? கொல்வதற்காகக் கட்டப்பட்ட ஆலை போய்விட்டது. அதில் உழைத்தவர்கள் உறங்குவதற்காகக் கட்டப்பட்ட வீடுகளில் இன்னும் விளக்கெரிகிறது. அவ்வளவில் ஆறுதல் கொள்ளலாம்.