ஒரு நெல்லுக்கு ஒரு சீட்டு

2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியம் பார்த்துவந்த எம். முனியப்பனின் பச்சைக்கிளி திடீரென்று உலகச் செய்தியானது. மலேசியாவில் பிறந்த அந்தக் கிளியின் பெயர் மணி. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் அது எடுத்துக் கொடுத்த அணியே வென்றது. இறுதி ஆட்டத்துக்கு அது எடுத்தது நெதர்லாந்தை. ஜெர்மனியில் பால் என்ற ஆக்டோபஸ் எடுத்தது ஸ்பெயினை. ஜூலை 11 அன்று ஸ்பெயின் 1-0 என்று வென்றது, மணியின் புகழும் இறங்கிற்று. பலித்ததா பொய்த்ததா என்ற கணக்கை ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கே விட்டுவிடலாம். பேருந்துச் சத்தத்துக்கும் தெரியாத முகங்களுக்கும் நடுவில், வெடுக்கென்று கடிக்கும் அலகுள்ள ஒரு பறவை தினமும் கூண்டைவிட்டு இறங்கி வேலை செய்துவிட்டுத் திரும்பியதே, அது எப்படி? கிளி ஜோசியரின் பிழைப்பு உண்மையில் கிளியைக் கடிக்காமல் பழக்கும் இந்தத் திறமையில்தான் நின்றது என்பது என் கட்சி. வாடிக்கையாளரின் விரலை ஒரே ஒரு முறை கடித்துவிட்டால் போதும், அந்தக் கிளி எடுக்கும் சீட்டை யார் நம்புவார்கள்?

அந்தப் பேட்டையே விலங்குகளால் வளர்ந்ததுதான். 1843-இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. தேக்கா சந்தையையொட்டிய பஃபலோ சாலையின் பெயரில் எருமை நிற்கிறது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர் மகப்பேற்று மருத்துவமனைக்கே போய் ஒட்டிக்கொண்டது. மாட்டு வணிகர் பெலிலியோஸுக்கும் அங்கே ஒரு சாலை உண்டு. மாடுகளும் குதிரைகளும் போன பிறகும் கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் உழைத்துக்கொண்டிருந்தது கிளி. ஊரைவிட்டு வந்து, ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் சீட்டு தேவைப்பட்டது.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஜோசியர் கூண்டுக் கதவைத் தூக்குகிறார். “சீதா, வாம்மா, ஐயா பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடு” என்கிறார். கை உள்ளே போவதில்லை. கிளி தானாக நடந்து வருகிறது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அடுக்கைப் பார்க்கிறது. மேலே இருக்கும் சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி, ஒன்றை நீட்டுகிறது. ஒரு நெல் கிடைக்கிறது. நாக்கால் உருட்டி உமியை உதிர்த்துவிட்டுக் கூண்டுக்குள் போய்விடுகிறது. இதில் எந்த இடத்திலும் அதை யாரும் பிடிக்கவில்லை, தூக்கவில்லை, தடவவும் இல்லை. கிளிக்கு அலகுதான் கை. அந்தக் கைக்கு ஒரு வேலையும், வேலைக்கு மாறாத கூலியும் உண்டு. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பறவைக்குக் கடிக்கக் காரணம் குறைவு. வெகுமதி கிடைத்த செயலை விலங்கு மறுபடி செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1938-இல் நூலாக்கினார். அவருடைய மாணவர்களான பிரேலண்ட் தம்பதியர் அதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எடுத்துப்போய்க் கோழிகளைப் பழக்கினார்கள். நடைபாதையில் துண்டு விரித்து உட்கார்ந்தவருக்கு அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஷிராஸில் ஹாஃபிஸின் கவிதைச் சீட்டை எடுத்துக் கொடுக்கும் சிறு பறவைகளும், ஹாங்காங் டெம்பிள் ஸ்ட்ரீட்டில் குறி சொல்லும் குருவிகளும் இதே நெல் கணக்கில்தான் வேலை செய்கின்றன.

இதை நம்பிக்கை என்று சொல்லலாமா, வெறும் பசி அல்லவா என்று கேட்கலாம். பசி கிளியை வெளியே கொண்டுவரும், சரி. ஆனால் பசித்த கிளி பயந்த கிளியாகவும் இருந்தால் தானியத்தோடு விரலையும் சேர்த்துப் பிடுங்கும். விரலைத் தொடாமல் நெல்லை மட்டும் எடுக்கிறதென்றால், அந்தக் கை தன்மேல் பாயாது என்பதை நூற்றுக்கணக்கான முறை பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். வீட்டு வசதி வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வளரும் கிளிகள் கடிப்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கடிப்பதற்கு முன் கிளி பலவிதமாகச் சொல்லிப் பார்க்கும்: கண்பாவை சுருங்கி விரியும், இறகு ஒட்டிக்கொள்ளும், உடம்பு பின்னால் சாயும். அதைக் கவனிக்காமல் விரலை நீட்டினால் கடைசிச் சொல்லாக அலகு பேசும். இளம் பச்சைக்கிளிக்குச் சில மாத வயதில் சீறிக் கடிக்கும் பருவம் ஒன்றும் வரும். அப்போது பயந்து கூண்டோடு ஒதுக்கிவிடுவதும், துண்டைப் போட்டு அமுக்குவதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள். தமிழில் ‘கிளி கடிதல்’ என்றாலே தினைப்புனத்தில் கிளியை விரட்டுவது என்றுதான் பழைய பொருள். அதற்கான தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. கிளியை விரட்டக் கருவி செய்த இனம் அதைக் கூப்பிட ஒரு நெல்லைக் கண்டுபிடித்தது வேடிக்கைதான்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஜோசியர் கிளியின் சிறகை வெட்டிவிடுவார். பறந்துபோக முடியாத பறவை திரும்பி வருவதை நம்பிக்கை என்று எப்படிக் கொண்டாடுவது? அதன் முன்னோர் பலர் பொந்திலிருந்து குஞ்சாகத் திருடப்பட்டவர்கள் என்பதும் உண்மை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990-களின் தொடக்கத்தில் வந்த உள்நாட்டுப் பறவை வணிகத் தடையும் இதற்காகவே. 2024 ஏப்ரலில் கடலூரில் வேட்பாளர் தங்கர் பச்சான் வெல்வார் என்று கிளி சீட்டெடுத்ததும், கிளியை வைத்திருந்ததற்காக வனத்துறை ஜோசியரைப் பிடித்து, எச்சரித்து அனுப்பியது. (வேட்பாளர் தோற்றார்.) சட்டத்தின் பக்கம்தான் நியாயம். ஆனால் சிறகு வெட்டியதால்தான் கிளி சாதுவாயிற்று என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. பறந்து விலக வழியில்லாத பறவைக்கு மறுப்புச் சொல்ல மிஞ்சுவது அலகுதான். ஆகவே சிறகு போன கிளி அதிகம் கடிக்கத்தான் நியாயம் உண்டு. அது கடிக்காமல் இருந்ததற்குக் காரணம் கத்தரிக்கோலில் இல்லை, கூண்டு வாசலில் அசையாமல் காத்திருந்த கையில் இருந்தது.

இதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே கிடைத்தது. 1971 ஜனவரி 3 அன்று திறந்த ஜூரோங் பறவைப் பூங்காவில், சிறகு வெட்டாத கிளிகளும் பஞ்சவர்ணக் கிளிகளும் கூட்டத்தின் தலைக்குமேல் பறந்து, பழக்குநரின் கைக்கு வந்து, தீனி வாங்கிக்கொண்டு போயின. அதே கூலி, அதே ஒழுங்கு; வேண்டாமென்றால் மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் வசதி மட்டும் கூடுதல். அந்தப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டது; அதற்குப் பதிலாக அவ்வாண்டு மே மாதம் மண்டாயில் ‘பேர்ட் பாரடைஸ்’ திறந்தது. ஒரு கிளி தன் விருப்பத்தில் மனிதக் கைக்கு இறங்கி வருவதைப் பார்க்க அங்கே நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும்; சிராங்கூன் சாலையில் சீட்டைக் கிளியே எடுத்துக் கொடுத்தது.